பதினேழாம் இலக்கக் குடும்பம்

பட்டியல் வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. ஜெயனி அப்போது கனடாவின் பிரெஞ்சுப் பகுதியில், புவாண்ட்-கிளேரில் தான் வேலை செய்யும் களஞ்சியத்தின் ஆறாம் வரிசையில், போர்க்லிஃப்ற்றின் முட்களை ஒரு பலகைத் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தாள். தட்டில் ஐம்பத்தாறு பெட்டி நாய்ச் சாப்பாடு. அதை மேலே ஏற்றி வைத்துவிட்டு, வண்டியை நிறுத்தி, கையுறையைப் பல்லால் கழற்றிப் போனைத் திறந்தாள். வேலை நேரத்தில் போன் பார்த்தால் மேற்பார்வையாளன் வாய்க்கு வந்தபடி பேசுவான். பேசட்டும். இந்தப் பட்டியலுக்காக ஐந்து மாதம் காத்திருந்தவள் அவள்.

மெக்சிக்கோ சிற்றியில் கனடா அணி ஆடப்போகும் ஆட்டத்துக்கு 'மேப்பிள் தமிழ் ரசிகர் ஒன்றிய'த்துக்குக் கிடைத்தது பன்னிரண்டு ரிக்கற். அவை யார் யாருக்கு என்பதுதான் பட்டியல். முதலாவது சிவராசா, செயலாளர். இரண்டாவது அவருடைய மைத்துனர். மூன்றாவது அம்புறோஸ் றெனோல்ட், குடும்ப இலக்கம் 17, புள்ளி 14. நாலாவதிலிருந்து கடைசி வரை இரண்டு தரம் வாசித்தாள். ஜெயனி என்று ஒரு பெயர் இல்லை.

பதினாலு புள்ளி என்றால் பதினாலு பயணம். வெளிநாட்டில் கனடா ஆடிய ஆட்டம் ஒன்றுக்குப் போய்வந்தால் ஒரு புள்ளி. அந்தப் பதினாலுக்கும் போனவள் ஜெயனி. அவள் புருசன் றெனோல்ட் கூட வந்தது இரண்டே இரண்டுக்கு. ஒன்றில் போகும்போதும் வரும்போதும் விமானத்தில் வயிறு புரட்டிச் சத்தி எடுத்தான். மற்றதில் இடைவேளைக்கு முன்னமே மழை என்று சொல்லிக் கொட்டேலுக்குத் திரும்பிப் படுத்துவிட்டான். இப்போது அவன் புருசனும் இல்லை. வில்லரேயில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டை விட்டு அவன் போய் ஒன்றரை வருடம்.

கனடாவுக்குப் பந்து உதைக்கத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒன்றியத்துக்கு இருபது ரிக்கற் வந்தால் பதினாறு திரும்பிப் போகும். ஹொண்டூராஸ், எல் சல்வடோர், பனாமா, ஜமேக்கா என்று ஒவ்வொரு ஊரிலும் மைதானத்தின் ஒரு மூலையைக் கம்பிவலை போட்டு வெளியூர் ரசிகருக்கு ஒதுக்குவார்கள். அந்த மூலையில் நாலு தமிழர் சிவப்புச் சட்டையோடு நிற்பார்கள். ஒருமுறை வலைக்கு மேலால் ஒரு பொலித்தீன் பை வந்து ஜெயனியின் தோளில் உடைந்தது. உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. அந்தச் சட்டையோடு மிச்சம் எழுபது நிமிடமும் நின்று பாட்டுப் பாடிவிட்டுத்தான் வந்தாள். இப்போது கனடா வெல்லத் தொடங்கிவிட்டது. வசதியான இல்-பிசாரில் வீடு வாங்கினவன், பிள்ளையின் கல்யாணத்துக்குக்கூட லீவு எடுக்காதவன் எல்லாருக்கும் மெக்சிக்கோ வேணும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்.

மத்தியான இடைவேளையில் சிவராசாவுக்கு எடுத்தாள்.

"சிவராசா அண்ணை, பட்டியலில என்ர பேர் இல்லை."

"இருக்குத் தங்கச்சி. பதினேழு. மூண்டாவதா நிக்குது, நல்ல இடம்."

"அது றெனோல்ட்."

"குடும்பம் எண்டு பாத்தால் ஒண்டுதானே."

"குடும்பம் எங்க இருக்கு அண்ணை? நீங்கள்தானே நடுவில இருந்து சமாதானம் பேசிக் களைச்சனீங்கள்."

"அது வீட்டு விசயம். இது சங்க விசயம். ரெண்டையும் ஒண்டோட ஒண்டு முடிச்சுப் போடாதை."

"பதினாலுக்கும் போனது நான். பாஸ்போட்டில குத்திக் கிடக்கு."

"நீ போகேல்லையெண்டு ஆர் சொன்னது? போன புள்ளி பதினேழாம் இலக்கத்துக்கு. பதினேழின்ர அங்கத்தவர் றெனோல்ட். யாப்பு அப்பிடி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கிறன். வந்து சபையில கதை."

யாப்பு என்று அவர் சொன்ன சங்க விதிகளின் கதை ஒன்றியத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒன்றியத்தைத் தொடங்கியபோது சிவராசா தன் ஊர்ச் சங்கத்தின் யாப்பை எடுத்து, ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் உதைபந்தாட்டம் என்று மாற்றினார். மற்றது ஒன்றையும் தொடவில்லை. ஆகவே கனடா அணியின் ரசிகர் ஒன்றியத்தில் அங்கத்துவம் குடும்பத்துக்கு ஒன்று. அங்கத்தவர் குடும்பத் தலைவர். ஊர்ச் சங்கத்தில் வருடத்துக்கு ஒரு ஒன்றுகூடலும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும்தான் பங்கு, அதில் யார் பெயர் இருந்தால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கேயும் கேட்கவில்லை. ஜெயனியும் கேட்கவில்லை. படிவத்தை நிரப்பியது அவள்தான். தலைவர் என்ற பெட்டியில் றெனோல்டின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

கூட்டம் வில்லரேயில், மாதா கோயிலின் கீழ் மண்டபத்தில். பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு முப்பது பேர்வரை பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். பின் மேசையில் தேத்தண்ணியும் ரோல்சும். றெனோல்ட் முன்வரிசையில் தன் கூட்டாளி ரதீசனோடு இருந்தான். புதுச் சிவப்புச் சட்டை, மடிப்புக் கலையவில்லை.

சிவராசா கனடா உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதியை வாசித்தார். ரிக்கற் பெயருக்குத்தான் வரும். ஆட்டத்துக்கு முதல் நாள் கொட்டேலில் வைத்து, பாஸ்போட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு அவரவர் எடுக்கவேண்டும். கைமாற்றக் கூடாது. யாருக்கு எத்தனை புள்ளி என்று அந்தந்த ரசிகர் குழுவே கணக்கு வைத்து உறுதி சொல்ல வேண்டும். பட்டியல் புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் போக வேண்டும்.

"ஆட்சேபணை ஒண்டு இருக்கு," என்று அவர் ஜெயனியைப் பார்க்காமல் சொன்னார்.

ஜெயனி எழும்பிப் போய் மேசையில் பாஸ்போட்டை வைத்தாள். இரண்டு பாஸ்போட், பழசும் புதுசும், றப்பர் போட்டுக் கட்டியிருந்தது.

"பதினாலும் இதுக்குள்ள இருக்கு. எண்ணுங்கோ. றெனோல்ட்டும் தன்ரையைக் கொண்டந்து வைக்கட்டும்."

"இதென்ன எயார்போட் கஸ்ரம்சே?" என்று ரதீசன் பின்னால் திரும்பிச் சொன்னான். சிரித்தார்கள்.

றெனோல்ட் இருந்தபடியே கதைத்தான். "நான் ஒண்டு கேக்கிறன். நீ நாடு நாடாத் திரிஞ்ச பதினாலு தரமும் பிள்ளையைப் பாத்தது ஆர்? கார்தெரிக்கு, பிள்ளைக் காப்பகத்துக்கு, ஏத்தி இறக்கினது ஆர்? நான் வீட்டில நிண்டபடியாத்தான் நீ போனனி. அதுக்குப் புள்ளி இல்லையோ?"

இது சபைக்குப் பிடித்தது. பெண்கள் பக்கத்திலேயே இரண்டு தலை ஆடியது.

"பிள்ளையைப் பாத்தது உம்மட அம்மா," என்றாள் ஜெயனி. முன்பு நீங்கள் என்றவள் இப்போது நீர் என்றதைச் சபை கவனித்தது. "அல்போன்சம்மா மாமி வேலையால வந்து, கால் வீங்க வீங்கப் பாத்தவ. நீர் வெள்ளிக்கிழமை எங்க நிண்டனீர் எண்டு அவவைக் கேட்டால் சொல்லுவா. அந்த ரிக்கற்றை அவவுக்குக் குடுங்கோ, நான் இப்பவே எழும்பிப் போறன்."

"அம்மாவை ஏன் சபைக்கு இழுக்கிறாய்?"

"புள்ளி கேட்டது நீர்."

"வாய்க்கு மட்டும் குறைவில்லை," என்றான் ரதீசன். "உந்த வாய்க்குத்தான் அவன் வீட்டை விட்டு ஓடினவன்."

அந்த நேரம் சுவரோரத்தில் இருந்து யோகேந்திரன் எழும்பினார். அறுபத்துமூன்று வயது. ஒரு உணவகத்தின் சமையலறையில் இருபது வருடம் பாத்திரம் கழுவிக் கழுவி இரண்டு கையும் வெளுத்து, தோல் உரிந்து போனவர். சிவராசா வீட்டு நிலவறையில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். தனியாள். பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் அவருடையது. பக்கத்தில் புள்ளி இல்லை, 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று மட்டும் போட்டிருந்தது. ஜெயனியோடு பதினொரு தரம் வெளிநாடு போனவர். அந்தப் பதினொன்றும் அவர் இருந்த வீட்டு விலாசத்துக்கு, அதாவது சிவராசாவின் முதலாம் இலக்கக் குடும்பத்துக்கு, எழுதப்பட்டிருந்தது. சிவராசா அதில் ஒன்றுக்கும் போனவரில்லை.

"நான் கனக்கக் கதைக்க வரேல்ல," என்றார் யோகேந்திரன். "பிள்ளை வந்தவள். நான் கண்டனான். பனாமாவில எனக்குக் காய்ச்சல் வந்து கிடக்கேக்க பனடோல் வாங்கித் தந்ததும் அவள்தான். நியாயத்தைச் செய்யுங்கோ."

"வேலிக்கு ஓணான் சாட்சி," என்றான் ரதீசன்.

"ரதீசன், நீ எத்தினைக்கு வந்தனி?"

"நான் எத்தினைக்கு வந்தால் உமக்கென்ன. நீர் பாத்திரத்தைக் கழுவும்."

சிரிப்புக் கொஞ்சம் நீண்டது. சிவராசா பேனையால் மேசையில் தட்டினார். "வாக்கெடுப்பு. பட்டியல் இருக்கிறபடி போகலாம் எண்டுறவை கை உயர்த்துங்கோ."

கைகள் எழும்பின. எண்ணினார்கள், இருபத்திநாலு. எதிர் என்று கேட்டபோது ஜெயனியும் யோகேந்திரனும் உயர்த்தினார்கள். சிவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கத்தவர்தான் கை உயர்த்தலாம். தங்கச்சி அங்கத்தவர் இல்லை. யோகேந்திரன் என்ர வீட்டு இலக்கத்துக்கை வாறவர், அந்த வாக்கை நான் போட்டிட்டன்." குனிந்து எழுதிக்கொண்டே வாசித்தார். "ஏகமனதாக நிறைவேறியது."

ஜெயனி பாஸ்போட்டுகளை எடுத்து றப்பரைப் போட்டாள். வாசலில் றெனோல்ட் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றான்.

"ரீவியில பார்," என்றான். "பின்னேரம் ஏழு மணிக்கு. என்னையும் காட்டினாலும் காட்டுவாங்கள்."

"சத்திப் பை ரெண்டு மூண்டு கொண்டு போம்," என்றாள் ஜெயனி.

திங்கட்கிழமை வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது சிவராசா எடுத்தார். குரலில் தேன் வழிந்தது.

"தங்கச்சி, ராத்திரி எனக்கு நித்திரை இல்லை. நீ வந்தனி எண்டு எனக்குத் தெரியாதே? ஒரு வழி கண்டு வைச்சிருக்கிறன். பன்னிரண்டாவது இடத்தை உனக்குப் போடுறன். அது நிர்வாகத்தின்ர கையில உள்ளது, ஒருத்தரும் கேட்கேலாது."

"அது யோகண்ணைன்ர இடம்."

"அவர் எங்கட வீட்டு மனுசன். சொன்னால் விளங்கும். முழங்காலும் ஏலாது, மெக்சிக்கோ உசரமான இடம், மூச்சு வாங்கும். அவருக்கும் நல்லதுதான்."

"அவரிட்டைச் சொல்லிப்போட்டீங்களோ?"

"நீ ஓமெண்டால் சொல்லுறன். ஒண்டு மட்டும். இதோட கதை முடிஞ்சுது. அங்க இங்க எழுதிறது, சம்மேளனத்துக்குப் போன் பண்ணுறது, உதுகள் வேண்டாம்."

அவள் பஸ்சில் ஏறி, பயண அட்டையைக் கருவியில் ஒற்றி, பின் இருக்கையில் போய் இருந்தாள். சபையில் தனக்காக வாய் திறந்த ஒரே ஆளின் இடத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார். வாய் திறந்ததுக்கு அவருக்கு அபராதம், வாயை மூட இவளுக்கு இலஞ்சம், இரண்டும் ஒரே ரிக்கற். ஆள் ஏன் இப்படி இறங்கி வருகிறார் என்று யோசித்தாள். கூட்டத்தில் இருபத்திநாலு கை எழும்பியது. ஏகமனது என்று எழுதியும் ஆயிற்று. பிறகும் நித்திரை இல்லையென்றால் மனிதருக்குப் பயம். றெனோல்டின் மூன்றாவது இடத்துக்கு அவர் பயப்பட நியாயம் இல்லை. பயம் முதலாவது இடத்துக்கு.

லியோனல்-குறூ மெத்ரோ நிலையத்தில் இறங்கும்போது அவளுக்கு அது தெளிந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை," என்று செய்தி போட்டாள்.

செவ்வாய்க்கிழமை சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். பிரெஞ்சில் எழுதினாள். களஞ்சியத்தில் படித்த பிரெஞ்சு, முறைப்பாடு எழுதத் தாராளமாகக் காணும்.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு மூன்று மணிக்கு சிவராசாவின் கந்தோருக்குப் போனாள். பார்க்-எக்ஸ்ரென்சனில் ஒரு புடவைக்கடைக்கு மேல் ஒற்றை அறை. வருமான வரி, காப்புறுதி, விமானச் சீட்டு, சத்தியக் கடதாசி எல்லாம் அங்கே செய்து கொடுப்பார். உள்ளே வேறு ஆட்கள் இல்லை. ஜெயனி கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"முடிவெடுத்தாச்சோ தங்கச்சி? நல்லது. பன்னிரண்டை மாத்திறன்."

"கொஞ்சம் பொறுங்கோ. ஒண்டு வாசிக்கிறன்."

போனைத் திறந்து முதல் பந்தியைப் பிரெஞ்சிலேயே வாசித்தாள். சிவராசாவுக்கு முப்பது வருடத்துக்குப் பிறகும் 'போன்ஜூர், மெர்சி'க்கு மேல் பிரெஞ்சு ஏறவில்லை. வரிப் படிவங்களை ஒரு பெட்டை வந்துதான் நிரப்பிக் கொடுப்பாள். அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"தமிழில சொல்லு."

"குடும்ப இலக்கம் பதினேழு. பதினாலு புள்ளியும் றெனோல்டுக்கு எழுதியிருக்கு. கொட்டேலில ரிக்கற் எடுத்த தாளுகள் உங்களிட்டை இருக்கும், அதில எத்தினை கையெழுத்து றெனோல்டின்ர எண்டு பாருங்கோ. இது முதல் பந்தி."

"சரி."

"ரெண்டாம் பந்தி. குடும்ப இலக்கம் ஒண்டு. பதினொரு புள்ளி. அங்கத்தவர் சிவராசா. அந்தப் பதினொண்டில ஒண்டிலயும் சிவராசா எண்டு ஒரு கையெழுத்தும் இருக்காது. பதினொண்டுக்கும் போனவர் அந்த வீட்டு நிலவறையில இருக்கிற யோகேந்திரன். அவருக்குப் புள்ளி பூச்சியம். செயலாளர் இவ்வளவையும் உறுதி சொல்லி ஒப்பம் வைச்சிருக்கிறார். மூண்டாம் பந்தி வெறும் வணக்கமும் நன்றியும்."

கீழே கடையில் யாரோ கத்தரிக்கோலால் துணி வெட்டும் சத்தம் கேட்டது.

"இதை அனுப்பினால் என்ன நடக்கும் தெரியுமே?" என்றார் சிவராசா. தேன் போய்விட்டது. "பன்னிரண்டும் போகும். ஒன்றியத்தைத் தூக்குவாங்கள். ஒரு குஞ்சும் போகேலாது. உனக்கும் இல்லை."

"எனக்கு இப்பவும் இல்லைத்தானே அண்ணை. புதுசா என்ன குறையப் போகுது."

"நாப்பது குடும்பத்தின்ர வாயில விழுவாய்."

"விழுந்து கிடக்கிறன். ஏகமனதா."

"படிச்ச பிள்ளை எண்டு நினைச்சன். ஒரு பந்தாட்டத்துக்கு இவ்வளவு நஞ்சோ?"

"பந்தாட்டத்துக்கெண்டால் நீங்கள் ஏன் முதலாவது எழுதினனீங்கள்? உங்களுக்கு ஓவ்சைட் எண்டால் என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சிவராசா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று இருபது.

"என்ன வேணும் உனக்கு?"

"மூண்டாவதில றெனோல்டின்ர பேரை எடுங்கோ. என்ர பேரைப் போடுங்கோ. பன்னிரண்டில கை வைக்கப்படாது. அவர் அப்பிடியே நிக்கட்டும்."

"முதலாவது?"

முதலாவது இடம் யாருடையது என்று ஜெயனிக்குத் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அதையும் கேட்டால் மனிதர் முரண்டு பிடித்து எல்லாத்தையும் கவிழ்க்கக்கூடும். அப்போது அவளுக்கு ஒன்றும் இல்லை.

"முதலாவது உங்கட பாடு," என்றாள்.

அவர் கொம்பியூற்றரைத் தன் பக்கம் திருப்பி ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். அவள் எழும்பிப் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"குடும்ப இலக்கம் எண்டு ஒரு பெட்டி இருக்கு. பதினேழு அவன்ர."

"எனக்குப் புதுசு போடுங்கோ."

"நாப்பத்திமூண்டு." தட்டினார். "குடும்பத் தலைவர்?"

"என்ர பேர்தான்."

"புள்ளி?"

"பதினாலு. எழுத்துப் பிழை விடாமல் போடுங்கோ, கொட்டேலில பாஸ்போட்டோட ஒத்துப் பாப்பாங்கள்."

மூன்று முப்பத்தெட்டுக்குப் பட்டியல் போனது. போய்ச் சேர்ந்ததற்குச் சம்மேளனத்தின் தானியங்கிப் பதில் வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

"அந்தக் கடிதத்தை அழி," என்றார் சிவராசா.

"திரும்பி வந்து அழிக்கிறன்."

"உன்னை ஒருத்தரும் ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாயினம். எழுதி வைச்சுக்கொள்."

"தேவையில்லை, நினைவிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

றெனோல்ட் வெள்ளிக்கிழமை பிள்ளையை ஏற்ற வந்தபோது வீட்டு வாசலில் நின்று கத்தினான். அவன் விமானச் சீட்டு எடுத்துவிட்டானாம். வேலையிடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டானாம். ஒரு ரிக்கற்றுக்காகப் பிள்ளையின் தகப்பனைச் சந்தியில் நிறுத்திவிட்டாளாம். கீழ் வீட்டுக் கிரேக்கக் கிழவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஜெயனி பிள்ளையின் பையைக் கொடுத்தாள், இருமல் மருந்து பக்கப் பையில் இருக்கிறது என்று சொன்னாள், கதவைச் சாத்தினாள். அவளுக்கு அது பெரிதாகச் சுடவில்லை.

சுட்டது யோகேந்திரன். சனிக்கிழமை மத்தியானம் ஜரி வீதி மூலைக் கடையான டெபனரில் பால் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அவர் லொத்தர் சீட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். சொல்லவேண்டும் என்று அவளும் இரண்டு நாளாக நினைத்திருந்தாள்.

"யோகண்ணை, உங்கட இடத்தைத் தூக்கப் பாத்தவர். நான் விடேல்ல."

"தெரியும். சிவராசா வந்து எல்லாம் சொன்னவன். பாத்திரக்காரனுக்கும் வக்கீல் வந்திட்டுதோ எண்டு என்ர அறை வாசல்ல நிண்டு கேட்டவன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "என்னைக் கேட்டனியே?"

"எதை?"

"என்ர பதினொண்டை. அதை அந்தக் கடதாசியில எழுதேக்க என்னைக் கேட்டனியே? அது நான் பேசாமல் வைச்சிருந்த விசயம். எனக்குத் தெரியாமலோ வைச்சிருந்தனான்? பதினொரு வருசம் அந்த வீட்டில இருக்கிறன். வாடகை கூட்டேல்ல. போன பனிக்கு வேலை இல்லாமல் நாலு மாசம் கிடந்தன், எழும்பு எண்டு சொல்லேல்ல. அதுக்குப் பதினொரு புள்ளி போகட்டும் எண்டு விட்டனான். அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. நீ ஆர் அதைத் திறக்க?"

"நான் திறக்காட்டில் உங்களுக்கு மெக்சிக்கோ இல்லை அண்ணை."

"உனக்கு இல்லை எண்டு சொல்லு." பாலைத் தூக்கிப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். "சரி, திறந்தாய். திறந்தனி முழுக்கத் திறந்தியே? முதலாவது உங்கட பாடு எண்டு சொன்னியாம். அதையும் சொன்னவன், சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவன். என்ர பதினொண்டையும் அவனுக்கே குடுத்திட்டு உன்ர ஒண்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்."

ஜெயனிக்கு வாயில் பதில் இருந்தது. எல்லாத்தையும் கேட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்ற பதில். அதை அவள் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

"அறைக்கு ஏதும் சொன்னவரோ?" என்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த மாசத்தில இருந்து வாடகை கூட. இனி என்னோட கதையாதை பிள்ளை. அங்க வந்தும் கதையாதை. அவங்களோடதான் நான் திரும்பி வந்து இருக்கவேணும்."

அவர் லொத்தர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து வெளியே போனார்.

மெக்சிக்கோ சிற்றியில் கொட்டேல் கூடத்தில் வரிசை நின்றது. வான்கூவர், ரொறொன்ரோ, கல்கரி என்று எல்லா ஊர்க் குழுவும் நின்றன. ஒன்றியத்தின் மற்றப் பதினொரு பேரும் ஒன்றாக நின்றார்கள், ஜெயனி அவர்களுக்கு நாலு ஆள் பின்னால். மேசையில் இருந்த பெண் பாஸ்போட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கினாள். சிவராசா தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். யோகேந்திரன் அவர்களில் கடைசியாக எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜெயனியைக் கடந்து போனார். சுவரைப் பார்த்தபடி போனார்.

ரிக்கற்கள் பட்டியல் வரிசைப்படியே அச்சாகியிருந்தன. ஆகவே மைதானத்தில் ஒன்றியத்துக்கு ஒரே நிரை, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஜெயனியின் இருக்கை மூன்று. ஒரு பக்கம் சிவராசாவின் மைத்துனர், மறு பக்கம் ரதீசன். யோகேந்திரன் நிரை முடியும் தொங்கலில், படிக்கட்டோரம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் பொலிசார், இரண்டு பக்கமும் கம்பி வலை. வலைக்கு அங்கால் எத்தனையோ ஆயிரம் தொண்டை ஒரே சொல்லைக் கத்தியது. அந்தச் சொல் நல்ல சொல் இல்லை என்பது எந்தப் பாசைக்காரனுக்கும் விளங்கும்.

மைத்துனர் தன் முழங்காலை அவள் பக்கம் வராமல் ஒடுக்கி வைத்திருந்தார். ரதீசன் அவளுக்குக் குறுக்கே சாய்ந்து மைத்துனரோடு கதைத்தான், நடுவில் ஒரு தூண் நிற்பதுபோல்.

"அண்ணை, இஞ்ச ஒரு நாத்தம் வருது, உங்களுக்கு வரேல்லையோ?"

"வருது. என்ன செய்யிறது, இடம் அப்பிடி அமைஞ்சுபோச்சு."

ஜெயனி திடலைப் பார்த்தாள். கனடாவின் இடது பின்காவலன் ஏறி ஏறிப் போய் முதுகுக்குப் பின்னால் வெளி விடுகிறான் என்று பத்தாம் நிமிடத்திலேயே கண்டாள். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. முப்பத்தோராம் நிமிடம் மெக்சிக்கோ அந்த வெளியால்தான் வந்து அடித்தது. மைதானம் நிலம் அதிர எழும்பியது. வலைக்கு மேலால் பியர்க் கோப்பைகள் பறந்து வந்தன. ஒன்று சிவராசாவின் தலையில் விழுந்து அவர் கண்ணாடி நனைந்தது. அவர் எழும்பி, பொலிசைப் பார்த்து, இதற்கு யார் பொறுப்பு என்பதுபோல் கையை விரித்தார். பொலிஸ்காரன் வேறு பக்கம் பார்த்தான். வான்கூவர்க்காரர் பின்னாலிருந்து பாடத் தொடங்கினார்கள். ஒன்றியத்து நிரையில் அந்தப் பாட்டு இரண்டு பேருக்குத்தான் முழுக்கத் தெரியும். மூன்றாம் இருக்கையில் ஒருத்தி பாடினாள். பன்னிரண்டாம் இருக்கையில் ஒருவர் பாடினார். இடையில் எட்டுப் பேர் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்கள்.

இடைவேளைக்கு ஒருவரும் அவளை விலத்திப் போக எழும்பவில்லை. அவளும் எழும்பவில்லை.

எழுபத்திரண்டாம் நிமிடம் கனடாவுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து ஒரு தலையில் பட்டு, ஒரு தொடையில் பட்டு, கோட்டைக் கடந்து உருண்டது. மைதானம் முழுக்க ஒரு கணம் சத்தம் செத்தது. அந்த மூலை மட்டும் வெடித்தது. ரதீசன் என்னவென்று இல்லாமல் கத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினான். அவள் கால் சீமெந்தை விட்டு எழும்பியது. அவன் வாய் அவள் காதுக்குள் கத்தியது. பிறகு அவன் யாரைத் தூக்கினான் என்று கண்டான். கையை எடுத்தான். அவள் தடக்கி முன் கதிரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் மைத்துனரின் தோளை எட்டிப் பிடித்து அங்கே போய்க் குதித்தான்.

ஜெயனி நிரையின் தொங்கலைப் பார்த்தாள். யோகேந்திரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ நின்றார். அவளைப் பார்க்கவில்லை. திடலில் பந்தை நடுவில் வைத்தார்கள். ஆட்டம் இன்னும் பதினெட்டு நிமிடம் கிடந்தது.